திறந்தாச்சு

அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் துணிக்கடைகளிலும் கூரையிலிருந்து கட்டைவிரல் அளவுக்குத் தலைநீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீயின் சூடு பட்டதும் தானே வாய்திறந்து நீரைத் தெளிக்கும் கருவி, ஒரு பெரிய உடம்பின் விரல்நுனி மட்டுமே. அதற்குப் பின்னால் போலிக்கூரைக்கு மேலே ஓடும் கிளைக்குழாய்கள், அவற்றுக்கு நீர் தரும் குறுக்குக்குழாய்கள், மாடிதோறும் ஏறிச்செல்லும் ‘ரைசர்’ எனப்படும் நிமிர்குழாய், அதன் அடியில் நீரைத் திறக்கவும் அடைக்கவும் உதவும் கட்டுப்பாட்டு வால்வு, பம்ப் அறை, நிலத்தடித் தொட்டி என்று ஒன்றையொன்று பற்றிக்கொண்ட நீண்ட தொடர் இருக்கிறது. இத்தொடரைக் காலமுறைப்படி சோதித்துப் பழுதுபார்க்கும் களக்குழு பெரும்பாலும் சிறியது: ஒரு சூப்பர்வைசர், ஓரிரு ஃபிட்டர்கள், அவர்களுக்கு ஏணியும் பைப் ரெஞ்சும் எடுத்துக்கொடுக்கும் ஹெல்ப்பர்கள். அக்குழுவை நடத்திச்செல்பவரின் வேலையை, அவ்வேலையில் நாள்முழுவதும் புழங்கும் ஒரு சொல்லின் வழியாகப் புரிந்துகொள்ள இயலும் என்று தோன்றுகிறது.

அந்தச் சொல் ‘திறந்தாச்சு’ என்பது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கட்டடங்கள் போன்ற ஒன்றில் வேலை நடக்கும்போது, ஒருவர் அடித்தளத்து வால்வின் அருகிலும் மற்றொருவர் மேல்மாடியில் ஏணியின் மீதும் நிற்க, இருவருக்கும் இடையே வாக்கிடாக்கியில் ஓடும் பேச்சு நான்கைந்து சொற்களில் அடங்கிவிடும்: ‘மூடியாச்சு’, ‘வடிஞ்சாச்சு’, ‘மாட்டியாச்சு’, ‘திறந்தாச்சு’. எழுத்துத் தமிழில் ‘திறந்தாயிற்று’ என வரும் இவ்வடிவம், எதிர்பார்த்திருந்த செயல் முடிந்துவிட்டது என்பதைத் துல்லியமாகத் தெரிவிக்கிறது; செய்தவர் யார் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை. ‘திறந்தேன்’ என்பதிலும் ‘திறந்தான்’ என்பதிலும் விகுதி ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. ‘ஆச்சு’ எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை. கல்யாண வீட்டில் அதிகம் பழக்கமில்லாத ஒருவரிடம் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்கும்போது இந்த மறைப்பு நாகரிகமாகிறது, ஏனெனில் ‘நீ’யா ‘நீங்க’ளா என்னும் சிக்கலுக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. வால்வு அறையில் அதே மறைப்பின் பயன் வேறு. மூடியவர், திறக்கும் வேலையை மற்றவர் பார்த்துக்கொண்டதாக நினைக்க, மற்றவரும் அவ்வாறே நினைக்க, வால்வு மூடியபடியே கிடந்துவிடுகிறது. (இப்போது இக்குழுக்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுடைய ‘ஆயிற்று’ எனப் பொருள்படும் ‘ஹோ கயா’வும் இந்த விஷயத்தில் தமிழைவிட நேர்மையானதல்ல.)

மூடியபடியே கிடக்கும் வால்வு ஏன் அவ்வளவு பெரிய செய்தி என்பதற்குத் ஸ்பிரிங்க்ளர் என்னும் தெளிப்பானின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது ஒருவகையில் மனிதக் கையை விலக்கிய வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பருத்தி ஆலைகள் பெருகியபோது, பறக்கும் பஞ்சும் எண்ணெய் ஊறிய மரத்தரையும் தீயை வரவேற்றுக்கொண்டிருந்ததால், ஆலைக்காரர்கள் கூரையடியில் துளையிட்ட குழாய்களை ஓட்டினார்கள். தீயைக் கண்டதும் ஒருவர் ஓடிப்போய் வால்வைத் திறந்தால் அந்தப் பகுதி முழுவதும் நீர் கொட்டும். எரிந்த இடமும் எரியாத இடமும் ஒன்றுபோல் நனையும், துளைகள் நாளடைவில் துருவேறி அடைபடும், ஓட வேண்டியவர் கண்ணயர்ந்திருந்தால் எதுவுமே நடக்காது. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை நடத்திவந்த ஹென்றி பார்மலீ, குறைந்த சூட்டிலேயே உருகும் பற்றாசால் வாய் அடைக்கப்பட்ட தெளிப்பானுக்கு 1874இல் காப்புரிமை பெற்றார். பிராவிடன்ஸ் நகரத்து ஃபிரெடரிக் கிரினெல் 1880களில் அதைச் செம்மைப்படுத்தினார். பாஸ்டன் நகரைச் சுற்றி 100 மைலுக்குள் குழாய் அளவுகளுக்கு ஒன்பது வகையான விதிகள் நிலவிய குழப்பத்தைத் தீர்க்கக் காப்பீட்டாளர்கள் 1895இல் கூடிப் பேசியதன் விளைவாக, மறு ஆண்டில் என்.எஃப்.பி.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. இன்று இத்துறையில் உலகெங்கும் எடுத்தாளப்படும் விதிநூல்கள் அதனுடையவை. இந்தியாவுக்கென 2002இல் வந்த ஐ.எஸ். 15105 என்னும் நெறிமுறையும் உண்டு.

இன்று பரவலாகக் காணப்படும் தெளிப்பானில் பற்றாசுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நெல்மணியைவிட நீண்ட கண்ணாடிக் குழலுக்குள் சிவந்த திரவமும், அத்திரவத்தில் கடுகளவு காற்றுக்குமிழியும் தெரியும். சாய்த்தால் அந்தக் குமிழி மெல்ல ஒருமுனையிலிருந்து மறுமுனைக்கு நகரும். சூடு ஏற ஏறத் திரவம் விரிந்து குமிழியை விழுங்குகிறது; விழுங்க இடமில்லாத நிலையில், சிவப்புத் திரவமானால் 68 டிகிரி செல்சியஸில், கண்ணாடி வெடித்துச் சிதறுகிறது; அதுவரை அதன் முட்டில் நின்றிருந்த மூடி விழ, நீர் பாய்கிறது. சமையற்கூடம் போன்ற வெப்பமான இடங்களுக்கு 93 டிகிரியில் வெடிக்கும் பச்சைத் திரவம் பொருத்தப்படுகிறது. சூடு பட்ட தெளிப்பான் மட்டுமே திறக்கும். ஒரு தீக்குச்சியைக் காட்டியதும் மாளிகை முழுவதும் மழை பெய்வதெல்லாம் சினிமாவுக்கு உரியது. தமிழில் இந்நிகழ்வைச் சொல்லச் சரியான வடிவம் ‘திறந்துகொண்டது’ என்பது. கதவு காற்றில் திறந்துகொள்வதைப் போல, பிறர் கை இல்லாமல் தன்னால் நிகழ்வதை அந்தக் ‘கொள்’ குறித்துவிடுகிறது.

ஆனால் கையை முழுவதும் விலக்க முடியவில்லை. தெளிப்பானை மாற்றவும் குழாயைப் பழுதுபார்க்கவும் நீரை நிறுத்தியாக வேண்டும் என்பதால் வால்வு தேவைப்பட்டது. வால்வு இருந்தால் அதை மூடும் கையும் உடன் வந்துவிடுகிறது. என்.எஃப்.பி.ஏ. அமெரிக்கத் தீ விபத்துகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வுகளின்படி, தெளிப்பான்கள் இயங்கியிருக்க வேண்டியும் இயங்காமற்போன நிகழ்வுகளில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குக்குக் காரணம், தீ வருவதற்கு முன்பே அமைப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததுதான். கருவி கெட்டுப்போனதால் நேர்ந்த தோல்விகளைவிட, கருவி நன்றாக இருந்தும் அதற்கு நீர் செல்லவிடாததால் நேர்ந்த தோல்விகள் அதிகம். நீர் செல்லவிடாமல் வால்வை மூடும் தேவையும் உரிமையும் யாருக்கு அதிகம் என்று கேட்டால், விடை பராமரிப்புக் குழுவையே சுட்டும். ஓர் அமைப்பைக் காப்பதற்கென்று அனுப்பப்படுபவர்களே அதற்கு நேரக்கூடிய மிகப் பெரிய ஆபத்தாகவும் இருப்பது இவ்வேலையின் நடுமுள். குழுவின் தலைமையை ஏற்பவர் அம்முள்ளை மறக்காதவராக இருந்தால், மற்ற திறமைகளை அவர் மெல்லக் கற்றுக்கொள்ளலாம்.

ஏரிப் பாசனம் நடந்த ஊர்களில் மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்பு நீர்க்கட்டி எனப்படுபவரிடம் இருந்தது. அவர் திறக்க மறந்தால் ஆயக்கட்டுக்காரர்கள் விடிவதற்குள் அவர் வாசலில் வந்து நிற்பார்கள், ஏனெனில் காய்ந்த வாய்க்கால் ஊர் பார்க்கக் கிடக்கும். தெளிப்பான் வால்வைத் திறக்க மறந்தவரின் வாசலுக்கு எவரும் வருவதில்லை. குழாயை வடிக்காமல் விட்டிருந்தால், மூடிய வால்வுக்கு மேலேயும் அதில் நீர் நிறைந்தே இருக்கும். ரைசரில் உள்ள ஒருவழி வால்வு, பம்ப் ஓடி நின்றபோது ஏறிய அழுத்தத்தைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதால் அழுத்தமானியின் முள்ளும் வழக்கமான எண்ணிலேயே நிற்கும். கட்டடத்தில் மின்தூக்கி ஓடும், குளிர்பதனம் ஓடும், ஆயிரம் பேர் வந்துபோவார்கள். தவறு நேர்ந்த நாளும் நேராத நாளும் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும்போது, நினைவூட்டும் வேலையை ஊர் செய்யாது. குழுவே தனக்குத்தானே செய்துகொள்ள வேண்டும்.

விதிநூல்கள் இதற்குச் சில வழிகளை வகுத்திருக்கின்றன. வால்வை மூடும்போது கட்டடப் பொறுப்பாளருக்குச் சொல்லிவிட்டு, மூடிய வால்விலேயே சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். 24 மணி நேரத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் அமைப்பு நிறுத்தப்பட்டிருக்குமானால், ஆட்களை வெளியேற்றுவது, தீக்காவலுக்கு ஆள் நிறுத்துவது போன்ற மாற்று ஏற்பாடுகள் வேண்டும் என்கிறது பராமரிப்புக்கென்றே வகுக்கப்பட்ட என்.எஃப்.பி.ஏ. 25. வளாகத்தின் திறந்தவெளியில் தூண்போல் நிற்கும் சுட்டுத்தூண் வால்வைப் பற்றி அந்நூல் சொல்வது இன்னும் நுட்பமானது. அத்தூணின் சாளரத்தில் ‘திறந்துள்ளது’ என்னும் பொருள்பட எழுத்துத் தெரியும். ஆனால் மேலிருக்கும் கைப்பிடியை மண்ணுக்குள் இருக்கும் வால்வோடு இணைக்கும் தண்டு கழன்றுபோயிருந்தாலும் எழுத்து அதையே காட்டும். ஆகவே, தண்டில் முறுக்கம் எதிர்த்து நிற்பது கைக்குத் தெரியும்வரை திறந்து, பிறகு கால் சுற்று பின்னுக்குத் திருப்பி விட வேண்டும் என்பது விதி. கண்ணால் படித்ததைக் கையால் சரிபார்க்கச் சொல்லும் இவ்வரி, ஒரு தொழில்நுட்ப நூலில் இருக்கும் அரிய வரி. அந்த முறுக்கம் எப்படியிருக்கும் என்பதை எந்தப் படமும் கற்றுத்தராது. புதிய ஹெல்ப்பரின் கையைப் பிடித்துக் கைப்பிடியின் மேல் வைத்து, ‘இப்ப எதிர்த்து நிக்குது பாரு தம்பி, அதுதான்’ என்று ஒருவர் சொல்லித்தான் அது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகிறது.

விதியால் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. அது குழுவுக்குள் புழங்கும் உறவுச்சொற்களின் இடம். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஹெல்ப்பர், இருபதாண்டு அனுபவமுள்ள ஃபிட்டரை ‘அண்ணே’ என்றழைக்கிறார். அந்த ‘அண்ணே’யில் கற்றுக்கொடுத்த நன்றியும், மதிய உணவில் பங்கு வைத்த பாசமும், சம்பளம் தாமதமான மாதத்தில் கைமாற்றுத் தந்த கடனும் அடங்கியிருக்கின்றன. அதனாலேயே ‘அண்ணே, நீங்க வால்வைத் திறந்தீங்களா?’ என்ற கேள்வி அவர் வாயிலிருந்து எளிதில் வருவதில்லை. கேட்டால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும். மரியாதை கெடாமல் கேட்க அவருக்குத் தெரிந்த வடிவம் ‘திறந்தாச்சா அண்ணே?’ என்பதுதான்; அதற்கு வரும் விடையும் ‘ஆச்சு, ஆச்சு’ என்பதுதான். ஆளைச் சுட்டாத கேள்விக்கு ஆளைச் சுட்டாத பதில் கிடைக்கிறது. பண்பாடு காக்கப்படுகிறது, வால்வின் நிலை மட்டும் தெரியாமலே போகிறது. இதைத் தொழிலாளர்களின் அலட்சியம் என்று எழுதிவிட்டு நகர்வது அலுவலக அறிக்கைகளுக்கு எளிது. அலட்சியத்தைவிட அன்பே இங்கே பெரிய தடை என்பதைக் காண, குழுவோடு பல நாள் இருந்திருக்க வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்க, அனுபவமுள்ள சூப்பர்வைசர்கள் சிலர் கையாளும் முறை, கேட்கும் பொறுப்பையே குழுவில் மிக இளையவருக்கு வேலையாகக் கொடுத்துவிடுவது. கேட்பது அவருடைய கடமை என்று அனைவர் முன்னிலையிலும் அறிவிக்கப்பட்டபின், கேள்வியில் அவமதிப்பு ஒட்டிக்கொள்ள இடமில்லை. முதற்கேள்விக்கு உள்ளாகும் ஆள் சூப்பர்வைசராகவே இருக்க வேண்டும் என்பது இம்முறையின் உயிர். அவரே முகம் சுளித்தால் மறுநாள் முதல் எவரும் கேட்க மாட்டார்கள். பதிலும் ‘ஆச்சு’ என்று முடியக்கூடாது, ‘திறந்தேன்’ என்றோ ‘இன்னார் திறந்தார், நான் பார்த்தேன்’ என்றோ விகுதியோடு முடிய வேண்டும். வால்வின் கைச்சக்கரத்தை மூடும்போது எத்தனை சுற்று, திறக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பதும் இதனுடன் சேர்ந்தது. எண் பொதுச்சொத்து, அதைக் கேட்பதில் எந்த அண்ணனுக்கும் மனவருத்தம் இல்லை.

சோதனைகளுள் இக்குழுக்கள் அடிக்கடி செய்வதும் வெளியார் பொருட்படுத்தாததுமானது ‘மெயின் டிரெயின்’ சோதனை, அதாவது ரைசரின் அடியிலுள்ள பெரிய வடிகால் வால்வை முழுவதும் திறந்து, நீர் பாயும்போது அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. இறங்கி நிற்கும் எண் முந்தைய சோதனையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் வழியில் எங்கோ அடைப்போ அரைகுறையாக மூடிய வால்வோ இருக்கிறது என்று பொருள். அந்த வடிகாலில் முதலில் வரும் நீரைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. பல மாதம் இரும்புக்குள் அசையாமல் கிடந்ததால் அது மையின் கறுப்பில், குழாய்க்கு மரை வெட்டியபோது பூசிய எண்ணெயின் நாற்றமும் அழுகிய முட்டையின் நாற்றமும் கலந்து வருகிறது. பத்துப் பதினைந்து நொடிகளில் பழுப்பாகி, பிறகு தெளிகிறது. தெளிந்துவிட்டதே என்று மகிழ்வதற்கு இல்லை. கறுத்த நீரில் இருந்த ஆக்சிஜனை இரும்பு ஏற்கெனவே தின்று முடித்திருந்தது. புதிதாக நிரம்பும் தெளிந்த நீரோ புதிய ஆக்சிஜனைக் கொண்டுவந்து துருவை மறுபடி தொடங்கிவைக்கிறது. சோதிக்காவிட்டால் அடைப்பு தெரியாது, சோதிக்கச் சோதிக்க, அதிலும் குழாயை வடித்து நிரப்ப நிரப்ப, குழாய் தேயும். எப்போது தொட வேண்டும், எப்போது தொடாமல் விட வேண்டும் என்னும் முடிவு, ஃபிட்டரின் கைத்திறனுக்கு அப்பாற்பட்ட, தலைமைக்கே உரிய முடிவாகிறது.

நீர் கருவிக்குள்ளேயே தன் வேலையைச் செய்துவிடுவதும் உண்டு. 2001இல் அமெரிக்காவில் சுமார் 3.5 கோடித் தெளிப்பான்களை இலவசமாக மாற்றித்தரும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டதற்குக் காரணம், அவற்றின் உள்ளே இருந்த சின்னஞ்சிறு ரப்பர் வளையம் நீரிலுள்ள உப்புகளாலும் அழுக்குகளாலும் கெட்டு, தீ வந்தாலும் மூடி விழாதபடி செய்துவிடக்கூடும் என்று கண்டறியப்பட்டதுதான். கூரையில் அவை புதிதாகவே தோன்றின. பொருத்தி 50 ஆண்டான சாதாரணத் தெளிப்பான்களை மாற்ற வேண்டும், இல்லையேல் நூற்றுக்கு ஒன்று அல்லது நான்கு, எது அதிகமோ அந்த எண்ணிக்கையில் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி சொல்வது, பார்வை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு ஓர் எல்லை வகுப்பதற்காகத்தான். பெயின்டரின் தூரிகை பட்ட தெளிப்பானைச் சுரண்டித் துடைக்கக்கூடாது, கழற்றி எறிய வேண்டும் என்பதும் அதே அவநம்பிக்கையின் இன்னொரு வடிவம்.

இந்த அவநம்பிக்கைக்கு வரலாறு தரும் சான்றுகளில் ஃபிலடெல்ஃபியா நகரத்து ‘ஒன் மெரிடியன் பிளாசா’ முதன்மையானது. 38 மாடிகள் கொண்ட அக்கட்டடத்தின் 22ஆம் மாடியில், 1991 பிப்ரவரி 23ஆம் நாள் இரவு, ஆளிவிதை எண்ணெய் நனைந்த கந்தல்துணிகள் தாமாகவே பற்றிக்கொண்டன. தீயணைப்பு வீரர்கள் மாடியிலிருந்த குழாய்வாயில் தங்கள் நீர்க்குழாயைப் பொருத்தியபோது வந்த நீர் போதவில்லை. உயரமான கட்டடத்தில் ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடிக்கொண்டே வருவதால், மாடிகளில் அதைத் தணிப்பதற்கென்று அழுத்தக்குறைப்பு வால்வுகள் வைக்கப்படுகின்றன. அங்கே இருந்த வால்வுகள் தவறான அளவில் அமைக்கப்பட்டிருந்தன. மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். மாடி மாடியாக ஏறிய தீ, 30ஆம் மாடியில் தெளிப்பான்கள் பொருத்தப்பட்டிருந்த தளத்தை எட்டியபோதுதான் நின்றது. தீயணைப்பு வண்டிகளின் பம்புகள் தெருவிலிருந்து ஊட்டிய நீரை வைத்து அதை நிறுத்தியவை பத்தே தெளிப்பான்கள். இந்தப் ‘பத்து’ என்னும் எண்ணைத் தெளிப்பானின் புகழாகச் சொல்பவர்கள் பலர். பராமரிப்பை நடத்துபவர் அதைவிட அந்த அழுத்தக்குறைப்பு வால்வுகளில்தான் அதிகநேரம் நிற்க வேண்டும். முழு நீரையும் ஓடவிட்டுப் பார்த்தாலன்றி அத்தகைய வால்வின் குற்றம் வெளியே தெரியாது. அதனால்தான் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவ்வாறு ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும் என்கிறது விதி.

ஓடவிட வேண்டும் என்றால் நீர் எங்கேயாவது போயாக வேண்டும். அடித்தள வாகன நிறுத்தம் நனையும், கட்டடப் பொறுப்பாளர் கைப்பேசியில் கத்துவார், தொட்டியை மறுபடி நிரப்ப லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்ற பேச்சு எழும். ஏ.எம்.சி. என வழங்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை மிகக் குறைந்த தொகைக்கு எடுத்த நிறுவனமோ, ஒரே நாளில் மூன்று கட்டடங்களை முடித்துவரச் சொல்லியிருக்கும். படிவத்தில் ஒரு கட்டம், அக்கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான் எல்லோரும் கேட்பது. டிக் என்பதும் ‘ஆச்சு’வின் எழுத்து வடிவமே. செய்தவரையும் பார்த்ததையும் அது சொல்வதில்லை, முடிந்தது என்று மட்டும் சொல்கிறது. சில சூப்பர்வைசர்கள் டிக்குக்குப் பதிலாக எண்ணை எழுதச் சொல்கிறார்கள்: நீர் நின்றபோது இவ்வளவு பார், ஓடியபோது இவ்வளவு, திரும்ப ஏற இத்தனை நொடி. எண்ணைப் பொய்யாக எழுதுவதும் முடியாததல்ல. ஆனால் டிக் போடுவதற்கு இல்லாத ஒரு சிறு கூச்சம் எண்ணை இட்டுக்கட்டும்போது பேனாவைத் தடுக்கிறது. பாதி வெற்றாகக் கிடக்கும் படிவத்தோடு அலுவலகம் திரும்பி, ‘இது செய்யவில்லை, தண்ணீர் இல்லை’ என்று சொல்லும் திராணியும் இத்தலைமைக்கு வேண்டியிருக்கிறது. அத்திராணிக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்கள் எத்தனை என்பது வேறு கேள்வி.

வேலை முடியும் மாலைநேரத்தில் இக்குழுக்கள் எல்லாவற்றிலும் காட்சி ஏறத்தாழ ஒன்றுதான். கழற்றிய தெளிப்பான்கள் பழைய பெயின்ட் வாளியில் கிடக்கின்றன, டெஃப்லான் டேப்பின் துணுக்குகள் பெருக்கப்படுகின்றன, ஏணி மடிக்கப்படுகிறது, உதிரித் தெளிப்பான் பெட்டியில் எடுத்தது போக மீதி எண்ணப்படுகிறது, வண்டியின் ஓட்டுநர் இருமுறை ஹாரன் அடித்துவிட்டார். குறிப்பேட்டைக் கையில் வைத்திருக்கும் இளையவர், தனக்குத் தரப்பட்ட வேலைப்படி, சூப்பர்வைசரிடம் வந்து நிற்கிறார்.

‘அண்ணே, ரைசர் வால்வு யார் திறந்தது?’

‘நான்தான் திறந்தேன்.’

‘மூடும்போது இருபத்தாறு சுத்துன்னு எழுதியிருக்கேன். திறக்கும்போது?’

பதில் உடனே வருவதில்லை. திறந்துகொண்டிருந்தபோது யாரோ கைப்பேசியில் அழைத்தது நினைவுக்கு வருகிறது. எண்ணியது பதினெட்டு வரையா, அதற்கு மேலா என்பது வரவில்லை. அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு மீண்டும் அடித்தளத்துக்கு இறங்குகிறார்; இளையவர் குறிப்பேட்டோடு பின்னாலேயே போகிறார். சற்றுநேரத்தில் வடிகால் குழாயிலிருந்து நீர் பாயும் ஓசை கேட்கிறது, அழுத்தமானியின் முள் இறங்கித் துடித்து நிற்கிறது, வடிகாலை அடைத்ததும் மெல்ல ஏறத் தொடங்குகிறது. இளையவர் நொடிகளை உரக்க எண்ணுகிறார்.